கவுண்டருக்கு எதிரில் சொன்ன சாட்சி

நெல்லிமரத்தூரில் மங்கம்மாளைப் பற்றி ஒரு கேலி உண்டு. பேரன் பேத்தி எடுக்கிற வயசில் அவளுக்குப் புருஷன் மேல் புதுசாக ஆசை பிறந்துவிட்டது என்று ஊரே சொல்லிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வேடியப்பக் கவுண்டர் ஏர் பிடித்தால் இவள் மாட்டுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கிளம்பினால் இவளும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சாமை காயப்போடுகிற பாறையில் ஊர்க்கூட்டம் கூடி, நடுவில் அவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற நேரத்தில்கூட இவளுக்கு ஓரமாய் நிற்க முடியவில்லை. தண்ணீர்ச் செம்போடு ஆண்பிள்ளைகள் நடுவில் புகுந்து புகுந்து வந்தாள்.

"கவுண்டரு எங்க ஓடியா போய்டுவாரு? கொஞ்சம் வுட்டுத்தான் பிடியேன்" என்று கிணற்றடியில் முனியம்மா வம்புக்கு இழுப்பாள்.

"வயசுல வுட்டத இப்பத்தான் பிடிக்கறேன், ஒனக்கு இன்னா?" என்று மங்கம்மாளும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவள் மாட்டுக்கு முன்னால் நடக்காவிட்டால் வேடியப்பன் உழுத இடத்தையே பொழுது சாயும்வரை திரும்பத் திரும்ப உழுதுகொண்டிருப்பார். சந்தையில் கையை விட்டால் எதற்கு வந்தோம் என்பதை மறந்து, யார் சிரித்துக் கூப்பிட்டாலும் அவர்கள் பின்னால் போய்விடுவார். கூட்டத்தில் எதிரே வந்து கும்பிடுகிறவன் யார் என்று தெரியாமல் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுவார். அந்த நேரம் பார்த்துத்தான் செம்பு வரும். "காசி அண்ணன் ஆடு மேஞ்ச தகராறுக்கு வந்து தொண்ட காஞ்சி நிக்கறாரு. அவருக்கும் ஒரு வாய் குடுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வருவாள். அவ்வளவு போதும். வந்தவன் யார், வந்த காரியம் என்ன என்று பிடி கிடைத்துவிட்டால் போதும், கவுண்டர் பழைய கம்பீரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஊரும் வாயடைத்துக் கேட்கும்.

எல்லாம் ஒரு மரக்கட்டையால் வந்த வினை. எண்பதாம் வருஷம், புளி உலுக்குகிற சமயம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்றுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தார் வேடியப்பன். லாரி அவரை விட்டு விலகித்தான் திரும்பியது. ஆனால் அதன் பின்னால் கட்டைகள் அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு சிவப்புத் துணிகூட யாரும் கட்டவில்லை. முன்பக்கம் உள்ளே திரும்பத் திரும்பப் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வந்தது. கட்டையின் முனை அவர் தலையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்துப் போட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, ஒரு நாள் கண் விழித்துக் கூழ் கேட்டார். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷர். மங்கம்மாளை உட்காரவைத்துச் சொன்னார். "தல எலும்பு சேந்துடுச்சிம்மா. ஆனா உள்ள மூளையில பட்ட அடி வெளிய தெரியாது. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கற மாதிரியே இருப்பாரு. அதுதான் இதுல பெரிய கஷ்டம். வலிப்பு வரும். மாத்திரைய ஒரு வேளை வுட்டுடாதீங்க."

டாக்டர் கஷ்டம் என்று சொன்னதை மங்கம்மாள் வரமாக எடுத்துக்கொண்டாள். வெளியே தெரியாதா? நல்லதாய்ப் போயிற்று. யாருக்கும் தெரியவே வேண்டாம். அந்த ஊரில் தலைவராக இருந்து தீர்ப்புச் சொல்கிற கவுண்டர் பட்டம் என்பது தலையில் கட்டுகிற துணி அல்ல. அது அவர் உயிர். ஒரு தடவைகூடச் சொந்தக்காரனுக்குச் சாய்ந்து பேசாத மனுஷர். தன் தம்பிக்கே தண்டம் போட்டவர். புத்தி தடுமாறிப்போச்சு என்று தெரிந்தால், ஊர் மரியாதையாகவே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் அவர் அந்தப் பாறைப் பக்கம் எந்த முகத்தோடு போவார்? அவள் உசிரோடு இருக்கிறவரை அது நடக்காது. வலிப்பு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டாள். காரணமில்லாமல் அவர் சட்டியைத் தூக்கி எறிந்தால், "கை வழுக்கிடுச்சி" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் மறைத்தாள், அதுவும் சாமர்த்தியமாக மறைத்தாள்.

ஆனால் ஒரு உடம்பு எத்தனை வேலை செய்யும்? அவரை விட்டு நகர முடியாததால் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. மாத்திரைக்காக ஆடுகள் ஒவ்வொன்றாக மலையிறங்கின. கடைசி ஆடும் போன சமயத்தில்தான் ஜமுனாமரத்தூரில் இலவச சட்ட உதவி முகாம் போட்டார்கள். ராஜவேலு என்கிற வக்கீல் வந்திருந்தார். அடிவாரத்தில் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை. கோட்டு வெளுத்திருந்தாலும் பேச்சு கெட்டி. லாரி முதலாளி மேலும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும் கேஸ் போட்டார்.

"கெஞ்சி வாங்கறது இல்லம்மா இது. சட்டத்துல இருக்கறத கேக்கறோம்" என்றவர், "அவருக்கு இப்ப இன்னா கொறை? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார்.

"கொஞ்சம் மறதிங்க. வேற ஒண்ணுமில்ல" என்றாள் மங்கம்மாள்.

வக்கீல் அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

எண்பத்துமூணில் திருப்பத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாட்சி சொல்ல ஊரிலிருந்து ஒரு கூட்டமே பஸ் ஏறியது. கவுண்டருக்காக என்றால் யார் வரமாட்டார்கள்? எல்லாரையும் திரட்டியது துரைக்கண்ணு. கவுண்டர் கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள். ஊரில் வாய் நீளமும் அவருக்குத்தான். பஸ் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்க, கம்பியைப் பிடித்து நின்றபடி அவர் எல்லாருக்கும் பாடம் நடத்தினார்.

"நம்ம கூட்டத்துல தண்டம் எப்பிடிப் போடறோம்? அடிபட்டவன் எம்மாம் பெரிய ஆளோ அம்மாம் பெரிய தண்டம். சும்மா சுத்தறவன் மண்டய ஒடச்சா ஒரு ஆடு. கவுண்டரு மேல கை பட்டா மாடு. கோர்ட்ல உக்காந்துக்கறவருக்கு நம்ம கவுண்டரு யாருன்னு தெரியுமா? நாமதான் எடுத்துச் சொல்லணும். ஒருத்தர் வுடாம அவரு பெருமைய சொல்லுங்க. கூச்சப்படக் கூடாது."

"அதான் சரி" என்றார் காசி. மங்கம்மாளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊர்க்கூட்டத்தில் நியாயம் கேட்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே செய்வார்கள்? குறை சொல்லி நியாயம் கேட்கிறவனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. ஜன்னலோரம் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். ராஜா மாதிரி இருந்தார். எங்கே போகிறோம் என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சொன்னாள்.

கோர்ட்டில் முதலில் வேடியப்பனைத்தான் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்ற நிலையைப் பார்த்தால் ஜட்ஜ் அவரா இவரா என்று சந்தேகம் வரும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வயசானவர், குரலே உயர்த்தாதவர். பக்குவமாக ஆரம்பித்தார்.

"நீங்கதான் ஊர்க்கவுண்டரா?"

"ஆமாங்க. எங்கப்பாருக்கு அப்பறம் நான்."

"இப்பவும் தீர்ப்பு சொல்றீங்களா?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்றது?"

"ஏர் ஓட்டறீங்களா? சந்தைக்குப் போறீங்களா?"

"எல்லாம்தான்."

"அப்ப உங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"எனக்கு இன்னா கொறை?" என்று வேடியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஜட்ஜுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் இருந்த ஊர்க்காரர்களுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அடுத்தது துரைக்கண்ணு. ராஜவேலு கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. கவுண்டர் எல்லைத் தகராறு தீர்த்த கதை, காளியம்மன் திருவிழாவில் சண்டையை நிறுத்திய கதை எல்லாம் வந்தன. ராஜவேலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் வக்கீலோ தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"இதெல்லாம் அடிபடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால இன்னா, பின்னால இன்னா! இப்பத்தாங்க இன்னும் ஜாஸ்தி. போன மாசம் ஆடு மேஞ்ச தகராறு, எம்மாம் சிக்கலு! ஒரே பேச்சுல தீத்துட்டாரு. அவரு புத்திக்கு ஈடா எங்க மலையில ஆள் கெடையாது."

காசியும் அதையே சொன்னார். அடுத்து வந்தவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் இன்சூரன்ஸ் வக்கீல் கும்பிட்டு வழியனுப்பினார். அந்தக் கும்பிடைப் பார்க்கப் பார்க்கத்தான் மங்கம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. எதிராளி எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறான்?

சாப்பாட்டு இடைவேளையில் ராஜவேலு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, இது உங்க ஊரு கூட்டம் இல்ல. இங்க அடிபட்டவன் எவ்ளோ பெரிய ஆளுன்னு பாத்து குடுக்கறது இல்ல. அந்த அடியால அவன்கிட்டருந்து இன்னா போச்சோ, அத கணக்குப் பண்ணித்தான் குடுப்பாங்க. ஒண்ணும் போகலன்னு உங்க ஊரே சத்தியம் பண்ணிடுச்சி. டாக்டர் எழுதினதுல நினைவு பாதிக்கலாம்னுதான் இருக்குது. பாதிச்சிருக்குதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் மறைத்தாள், ஊரும் முழுசாக நம்பிவிட்டது. அவள் சாமர்த்தியமே இப்போது புருஷன் கழுத்தில் விழுந்திருக்கிறது. சொல்லாவிட்டால் மாத்திரை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவருக்குக் கூழ் ஊற்றக்கூட நாதி இல்லை. சொன்னால் பட்டம் போகும். அதுவும் ஊரார் முன்னால், அவள் வாயாலேயே போகும்.

"நெறைய இருக்குதுங்க" என்றாள். "உங்ககிட்டகூட மறைச்சிட்டேன்."

"தெரியும்மா. அவரு ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால ஒங்க பக்கம் திரும்பினாரு. நான் பாத்தேன்." பிறகு தயங்கிச் சொன்னார். "நீங்க கூண்டுல ஏறும்போது கவுண்டர டீ குடிக்க அனுப்பிடலாம். அவரு காதுல விழ வேணாம்."

மங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"வேணாங்க. ஒருத்தர பத்தி பேசணும்னா அவர எதிர்ல வெச்சித்தான் பேசணும். எங்க ஊர்ல அந்தச் சட்டத்த போட்டதே அவருதான். அவருக்குப் பின்னால நான் பேசினா நான் அவரு பொஞ்சாதி இல்ல."

கூண்டில் ஏறி, கண்ணெதிரில் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உழுத இடத்தையே உழுவதைச் சொன்னாள். அடுப்பில் சாமைக் கஞ்சி கருகி வீடே புகையும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நாற்றம் தெரியாமல் இருந்ததைச் சொன்னாள். வலிப்பு வந்தால் கதவைச் சாத்துவதை, பெற்ற மகள் வந்தபோது "இது யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டதை, மகள் கொல்லைப்பக்கம் போய் அழுததைச் சொன்னாள். தண்ணீர்ச் செம்பைப் பற்றிச் சொன்னபோது பெஞ்சில் காசி தலையைத் தூக்கினார். ஆடு மேய்ந்த தகராறு அவருடையதுதானே. அன்றைக்கு இரண்டு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அவர். கிணற்றடியில் கேலி பேசின பொம்பளைகளின் புருஷன்மார்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். குரல் இன்னும் உயரவில்லை. "ஏம்மா, உங்க ஊர்க்காரங்க எல்லாரும் அவர் நல்லா இருக்கறாருன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் இல்லைங்கறீங்க. ஊரே பொய் சொல்லுதா, நீங்க பணத்துக்காகப் பொய் சொல்றீங்களா?"

"யாரும் பொய் சொல்லலைங்க" என்றாள் மங்கம்மாள். "அவங்க பாத்தத சொன்னாங்க. அவங்க பாத்தது அவர இல்ல, என்ன. அவரு ஞாபகம்னு ஊரு நெனச்சிக்கினு இருந்தது என் ஞாபகம்."

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அப்புறம் வேடியப்பனைக் கூப்பிட்டு எதிரில் நிற்கச் சொன்னார். "நானே ரெண்டு கேள்வி கேட்கிறேன். அம்மா, நீங்க எதுவும் பேசக் கூடாது" என்றார். துரைக்கண்ணுவை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, "கவுண்டரே, இவர் யாரு?" என்றார்.

"நம்ம ஊரு பெரிய மனுஷருங்க" என்றார் வேடியப்பன் சிரித்துக்கொண்டே.

"பேர்?"

வேடியப்பனின் கண் தானாக மங்கம்மாள் பக்கம் போனது. இத்தனை வருஷமும் அந்தப் பார்வை காலியாகத் திரும்பியதே இல்லை. அவள் உதடு பிரிந்துவிட்டது. து என்கிற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மங்கம்மாள் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்து வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். அவள் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான். சும்மா நின்றாள், அவ்வளவுதான், ஆனால் அதைப் பார்க்கவே தெம்பு வேண்டும்.

துரைக்கண்ணு யாரோ எவரோ இல்லை. வாலிபத்தில் கவுண்டரோடு தோளில் கை போட்டுச் சுற்றின ஆள். தேன் எடுக்கப் போன இடத்தில் கயிறு அறுந்தபோது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டவர் கவுண்டர். அவருக்கு இவர் பேர் தெரியவில்லை.

வேடியப்பனின் சிரிப்பு மெள்ளக் கழன்றது. மங்கம்மாளைப் பார்த்தார், அவள் கண்ணீரைப் பார்த்தார். கோபம் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அவர் சட்டியைத் தூக்கி எறிகிற முகம் அவளுக்குத் தெரியும். ஆனால் வந்தது அந்த முகம் இல்லை. கூட்டத்தில் இரண்டு தரப்பையும் கேட்டு முடித்துவிட்டு, பேசுவதற்கு முன்னால் துண்டைச் சரி செய்துகொள்வாரே, அந்த முகம். துண்டைச் சரி செய்துகொண்டார்.

"ஐயா" என்றார் ஜட்ஜைப் பார்த்து. "எனக்குத் தெரியலைங்க. இவருன்னு இல்ல, அங்க குந்திக்கினு இருக்கறவங்க யாரையும் தெரியல. தெரிஞ்ச மாதிரி இருக்குது, பேரு வரல. இவ சொன்னதுல பாதி எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா அத்தனையும் நெசம். எழுதிக்கங்க."

"ஞாபகமில்லைன்னா நெசம்னு எப்படிச் சொல்றீங்க?" என்று இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கே கேட்டார்.

வேடியப்பன் அவர் பக்கம் திரும்பினார். "நானும் தீர்ப்பு சொல்றவன்தாங்க. சாட்சியில எத நம்பறதுன்னு எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சொல்றவனுக்கு எதச் சொல்ல வலிக்குதோ, அத நம்புவேன். இவளப் பாருங்க. இத சொல்றதுக்குப் பதிலா செத்துடலாம்னு நிக்கறா. இதுக்கு மேல ஒரு சாட்சி உங்களுக்கு வேணுமா?"

வக்கீல் உட்கார்ந்தார். ஜட்ஜ் வெகுநேரம் எழுதினார். மங்கம்மாளுக்கு அழுகை நின்றுபோயிருந்தது. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டை உடைந்தும், பேரெல்லாம் கொட்டிப்போயும், அந்த மனுஷரிடம் எது உடையாமல் இருக்கிறது என்று ஊருக்கு முன்னால், ஜட்ஜுக்கு முன்னால், கோட்டுப் போட்ட இத்தனை பேருக்கு முன்னால் தெரிந்துபோயிற்று. நான் ஒளித்து வைத்திருந்தது குறையை மட்டும்தானா? இதையும் சேர்த்தல்லவா ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைத்தாள். அவளுக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரர்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு என்னவென்று மங்கம்மாளுக்குத் தெரியும். காசியின் குரல் கேட்டது.

"கேஸ் ஒரு பக்கம் கெடக்கட்டும். இனிமே கவுண்டர் பட்டம் இன்னா ஆவறது? தாய் புள்ளையையே தெரியாதவரு..."

"நீ மூடு" என்றார் துரைக்கண்ணு. "தனக்கு எதிரா வந்த சாட்சிய நெசம்னு சொல்லி, தன் மேலயே தீர்ப்பு சொன்ன ஆள எந்த ஊர்லயாவது பாத்துக்கறியா? நீ சொல்லுவியா? நான் சொல்லுவனா? இந்த மனுஷன வுட்டுட்டு வேற ஒருத்தன அந்தப் பாறையில குந்த வெச்சி, அவன்கிட்ட நான் நியாயம் கேக்கணுமா?"

"பேரு தெரியாம எப்பிடி..."

"அவருக்குத் தெரியலன்னா இன்னா, நமக்குத் தெரியாதா நம்ம பேரு?"

சொல்லிவிட்டுத் துரைக்கண்ணு நேராக வந்தார். பெஞ்சில் கடலை தின்றுகொண்டிருந்த வேடியப்பனுக்கு எதிரில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஊரிலேயே வாய் நீளமான அந்த ஆள் மூன்றே வார்த்தைதான் சொன்னார்.

"கவுண்டரே, நான் துரைக்கண்ணு."

வேடியப்பன் தலை நிமிர்ந்தார். "துரைக்கண்ணா! வா வா. இன்னாடா இது, எளைச்சிப் போய்ட்டே? கடலை துண்றியா?"

துரைக்கண்ணு கடலையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தது காசி வந்தார். "நான் காசிங்க கவுண்டரே." அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து, பேர் சொல்லி, கும்பிட்டு, ஆளுக்கு நாலு கடலை வாங்கிக்கொண்டு போனார்கள். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. மலை ஏறுகிற பஸ்ஸின் கண்டக்டர் ஹாரன் அடிக்கச் சொல்லிக் களைத்துப்போனார்.

அதற்கப்புறம் நெல்லிமரத்தூரில் அது பழக்கமாகிவிட்டது. கவுண்டருக்கு எதிரில் யார் வந்தாலும் முதலில் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் காரியத்தைச் சொல்ல வேண்டும். சின்னஞ்சிறுசுகள்கூடச் சொல்லின. பெற்ற மகளும் வாசலில் நின்று, "அப்பா, நான் சாந்தம்மாள் வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஒரு தரம் கணக்கெடுக்க வந்த தாலுகா ஆபீஸ் ஆள், இது மலைக்காரர்களுடைய காலங்காலமான சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தானும் செருப்பைக் கழற்றி, அப்பா பேரோடு சேர்த்துத் தன் பேரைச் சொன்னார். ஊர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது. கிணற்றடியில் முனியம்மா மங்கம்மாளைக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். அது மங்கம்மாளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

கோர்ட்டு உத்தரவை எடுத்துக்கொண்டு ராஜவேலுவே மலையேறி வந்தார். அன்றைக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வக்கீலாக இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. "கவுண்டரே, நான் வக்கீல் ராஜவேலு" என்று சொல்லிவிட்டு உத்தரவைப் படித்தார். அடிபட்டவருக்கு ஆயுசு முழுக்க மருந்துக்கும், உழவுக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் ஆகும்படி நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டியிருப்பதையும், அந்த வேலையை இதுவரை மனைவி செய்துவந்ததையும் ஜட்ஜ் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கென்று ஒரு தொகை சேர்த்திருந்தார். ராஜவேலு அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தார். கூட்டம் ஆரவாரித்தது. "சாட்சி சொன்னவங்க எங்க? முன்னால வரச் சொல்லு" என்றார் கவுண்டர்.

பொம்பளைகள் நிற்கிற இடத்திலிருந்து மங்கம்மாள் நடந்து வந்தாள். கையில் செம்பு இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்குக் குறும்பு வந்துவிட்டது. எல்லாரையும் போல எதிரில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "கவுண்டரே, நான் மங்கம்மாள்" என்றாள்.

வேடியப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இன்னா நக்கலு? ஒன் பேர யாரு கேட்டாங்க இங்க?" என்றார். பாறையில் தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். "வந்து குந்து."